தண்ணீர் வரும் பக்கம்

"நாலாவதும் போயிருச்சுங்க மேடம்."

திருமூர்த்தி பையிலிருந்து இம்பெல்லரை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி. ஜெசிந்தாவின் டீ டம்ளர் துள்ளி விழுந்தது.

பம்புக்குள் சுழன்று தண்ணீரை வீசி எறிகிற சக்கரம்தான் இம்பெல்லர். இறக்கைகளின் உள்விளிம்பு முழுக்கக் கறையான் அரித்த நிலைப்படி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

ஜெசிந்தா அதைக் கையில் ஏந்தினார். திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார்.

"ம்," என்றார்.

அவ்வளவுதான்.

திருமூர்த்திக்கு ஐம்பத்து நாலு வயது. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக டிசைன் பார்க்கிறவர். ஜெசிந்தாவுக்கு முப்பத்தேழு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் மேடை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழி தெரியாமல் முழிக்கிற டிசைன்காரர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். திரும்பும்போது பாதிப்பேர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போவார்கள். ஆனால் பம்பு சரியாகிவிடும்.

போன வருஷம் ஒருநாள், "இந்த வயசுல எனக்கொரு வாத்தியாரம்மா கெடைச்சீங்க" என்று திருமூர்த்தி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் வந்து மாணவனாக உட்கார்ந்தார்.

அப்படிச் சொன்ன வாய்க்கு இப்போது ஒரு அறை வைக்கலாம் போலிருந்தது அவருக்கு.

"ம்முன்னா என்னங்க அர்த்தம்? மலையடிவாரத்துல மூணு ஊரு. கெணத்துல இருந்து தொண்ணூறு மீட்டர் மேல தொட்டிக்குத் தண்ணி ஏத்தோணும். கார்த்திகையில பம்ப வெச்சோம். மாசி வரைக்கும் ஒரு சத்தமில்ல. அப்புறம் கல்ல அரைக்கற மாதிரி சத்தம். பிரிச்சுப் பாத்தா இப்படி. மொதல்ல ஊத்துன வெண்கலம் அப்படிப் போச்சு. தடிமனாக்குனேன், போச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன், பதினெட்டே நாளு. இறக்கையோட கோணத்த மாத்தி இத வரைஞ்சேன். நாப்பத்தியொரு நாளு ஓடுச்சு!"

"நாப்பத்தியொரு நாளா?"

"ஆமாங்க. பதினெட்டு எங்க, நாப்பத்தியொண்ணு எங்க! அதனாலதான் சொல்றேன், நான் சரியான வழியிலதான் போறேன். கோணத்த இன்னும் ரெண்டு டிகிரி திருப்போணும். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

அழகான வரைபடம். பம்பு, மோட்டார், வால்வு, மலை ஏறும் குழாய், அதன் ஒவ்வொரு வளைவு, மேலே தொட்டி, தொட்டிக்கு ஏணிகூட இருந்தது. பம்புக்குக் கீழே மட்டும் ஒரு கோடு. கோட்டின் முனையில் 'கிணறு' என்று ஒரு வார்த்தை.

ஜெசிந்தா அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

திருமூர்த்தி நேராக்கினார்.

ஜெசிந்தா மறுபடியும் திருப்பினார்.

"மேடம்!"

"ஏனுங்க சார்?"

"எனக்கு வெளையாட நேரமில்லைங்க. முதலாளி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. அங்க மூணு ஊரு சனம் ரெண்டு கிலோமீட்டர் நடந்து தண்ணி செமக்குது. என்ற இம்பெல்லர எது தின்னுதுன்னு கேட்டா, காயிதத்த உருட்டிட்டு இருக்கறீங்க."

"எதுவும் தின்னலீங்க சார்," என்றார் ஜெசிந்தா. "இது பட்டினியில செத்துருக்குது."

*

திருமூர்த்தி கையோடு கொண்டுவந்திருந்த புது இம்பெல்லரைச் சோதனை மேடையில் மாட்டினார்கள். பம்பு ஓடியது. சத்தமே இல்லை. மீட்டர் முள்கள் எல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன.

"பாத்தீங்களா? ஒரு குத்தம் சொல்லுங்க பாக்கலாம்."

பம்புக்குள் தண்ணீர் நுழைகிற குழாயில் ஒரு வால்வு இருந்தது. ஜெசிந்தா அதைச் சுட்டிக் காட்டினார்.

"மூடுங்க."

"எதுக்கு?"

"கொஞ்சங் கொஞ்சமா மூடுங்க."

ஒரு சுற்று. ஒன்றுமில்லை. இரண்டு சுற்று. ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் பம்புக்குள் யாரோ ஒரு கை ஜல்லியை அள்ளிப் போட்டது போல் கரகரவென்று சத்தம் கிளம்பியது. மேடையே அதிர்ந்தது.

"இதே சத்தந்தாங்களா?"

"இது எனக்குத் தெரியாதுங்களா!" திருமூர்த்தியின் குரல் பம்புக்கு மேலே எழும்பியது. "உள்ள வர்ற தண்ணிக்கு அழுத்தம் கொறஞ்சா, அது சூடாகாமலே கொதிக்கும். குமிழி வரும். குமிழி ஒடையறப்ப ஒவ்வொண்ணும் உளி மாதிரி எறங்கும். முப்பது வருஷத்துக்கு முன்னாடியே பரிட்சையில எழுதி நூத்துக்கு தொண்ணூத்தி ரெண்டு வாங்குனவன் நான்."

"தெரியுமுங்களா?"

"தெரியும்!"

"அப்பச் சரி," என்று சொல்லி ஜெசிந்தா மோட்டாரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

திருமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார். தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

"எல்லாம் கணக்குப் போட்டுத்தாங்க வெச்சிருக்கறேன். கெணத்துத் தண்ணிக்கும் பம்புக்கும் நடுவுல நாலு மீட்டர். நாலு மீட்டருக்கு இந்தச் சத்தம் வராது. வரவே வராது."

"நாலு மீட்டர்னு யாரு சொன்னாங்க?"

"எங்க ஆளுங்க அளந்து எழுதுன படிவத்துல இருக்குது."

"தண்ணி சொல்லுச்சுங்களா?"

இதற்கெல்லாம் ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வது?

"குத்தம் யார் மேலன்னு எனக்குத் தெரியும் மேடம். அந்த ஊரு பம்பு ஆப்பரேட்டரம்மா மேல. மாராத்தாள்னு பேரு. மேல போற கொழாயோட வால்வப் பாதி மூடி வெச்சே பம்ப ஓட்டியிருக்குது. எங்க மெக்கானிக் கண்ணால பாத்திருக்கான். அப்படி ஓட்டுனா பம்பு என்னத்துக்கு ஆகும்? திங்கக்கிழமையே லெட்டர் எழுதிட்டேன், ஆப்பரேட்டரோட அசட்டைதான் காரணம்னு."

ஜெசிந்தா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கறது? பதினோரு தடவை ஆபீசுக்குப் போன் பண்ணுச்சு. ஒவ்வொரு தடவையும் 'பம்புக்கு மூச்சு வாங்குதுங்க சார்'ங்குது. இதையெல்லாம் ஒரு புகார்னு எழுத முடியுமா?"

"போய்ட்டு வாங்க சார்."

"எங்க?"

ஜெசிந்தா சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

*

மறுநாள் காலையில் திருமூர்த்தி கிளம்பினார். கற்றுக்கொள்ளக் கிளம்பவில்லை. தான் சொன்னதுதான் சரி என்று பார்த்துவிட்டு வந்து, அந்தத் தகரக் கொட்டகையில் நின்று சொல்லிவிட்டு, அதோடு தலைமுழுகிவிடலாம் என்று கிளம்பினார்.

பம்பு அறை வாசலில் மாராத்தாள் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் சாவிக்கொத்து.

"வாங்க சார். ஒண்ணாந்தேதியில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. அதுவரைக்கும் சாவி என்ற கையிலதான்." கதவைத் திறந்துகொண்டே கேட்டார். "லெட்டரு எழுதுனது நீங்கதானுங்களே?"

"அது ஆபீஸ் நடைமுறைங்கம்மா."

மாராத்தாள் தலையாட்டினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

திருமூர்த்தி வேலையில் இறங்கினார். மட்டப்பலகை வைத்தார். அஸ்திவாரம் சரி. மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் இருந்தன. போல்ட்டுகள் இறுக்கம். ஒரு மணி நேரம் தேடியும் குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா, வால்வப் பாதி மூடித்தான ஓட்டுனீங்க?"

"ஆமாங்க சார். அது எதுக்குன்னா..."

"அப்படி ஓட்டக் கூடாதுன்னு போர்டுல எழுதியே வெச்சிருக்குது. பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தனுங்க. ஆனா..."

"பாத்துமா!"

மாராத்தாள் வாயை மூடிக்கொண்டார்.

திருமூர்த்தி வெளியே வந்து ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"வந்துட்டேன் மேடம். எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒரு நூல் பிசகு இல்ல. இனி என்னத்தப் பாக்கோணும்னு நீங்களே சொல்லுங்க."

"அந்தம்மா எங்க இருக்காங்க?"

"இங்கதான், எனக்குப் பின்னால."

"பேசி முடிச்சுட்டாங்களா?"

திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். மாராத்தாள் கதவோரம் சாவியை உருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

"அப்ப எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க?"

போன் கட்டாகிவிட்டது.

திருமூர்த்திக்கு அதைக் கிணற்றில் வீசலாமா என்றிருந்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர், சாப்பிடக்கூட இல்லை. வாத்தியாரம்மா! இருபத்தெட்டு வருஷம்! அவர் வரைந்து கொடுத்த பம்புகளே இந்த ஜில்லாவில் எத்தனை இருக்கும்!

மரத்தடியில் போய் உட்கார்ந்தார். கோபம் தணிய நேரமாயிற்று. முழுதாகத் தணியவும் இல்லை. அந்தக் கோபத்தோடுதான் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. என்னதான் சொல்ல வந்தீங்க?"

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சார்," என்று மாராத்தாள் முன்னால் நடந்தார்.

*

பெரிய கிணறு. சுவரோடு ஒட்டிக் கல்படிகள் இறங்கின. மாராத்தாள் எண்ணிக்கொண்டே இறங்கினார். திருமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார்.

"...பத்து, பதினொண்ணு, பன்னண்டு." நின்றார். "உங்க ஆளுங்க கார்த்திகையில வந்து டேப்பு புடிச்சாங்க பாருங்க, அப்பத் தண்ணி இந்தப் படியில கெடந்துச்சு."

திருமூர்த்தி கீழே பார்த்தார். தண்ணீர் எங்கோ ஆழத்தில் இருந்தது.

மாராத்தாள் இன்னும் கீழே இறங்கிப் போனார். "பதிமூணு, பதினாலு..." குரல் கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "இருபத்தாறு, இருபத்தேழு. இப்ப இங்க."

பதினைந்து படி. படிக்கு இருபது சென்டிமீட்டர். மூன்று மீட்டர். நாலும் மூணும் ஏழு.

திருமூர்த்தி பன்னிரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மீட்டருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எந்தப் பம்பு தண்ணீரை வா வா என்று கூப்பிட்டாலும் அது வேண்டிய அளவுக்கு வராது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் கனம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஓர் அளவு உண்டு. இதுவும் அவர் பரிட்சையில் எழுதியதுதான்.

"பைப்பு எப்படி எட்டுது?"

"தண்ணி கீழ போகப் போக பஞ்சாயத்துல ஒரு பைப்பு சேத்துனாங்க. இந்த முனைய நாந்தாம் புடிச்சுட்டு நின்னேன். அப்பவே போன் பண்ணிச் சொன்னனுங்களே."

"என்னன்னு சொன்னீங்க?"

"மூச்சு வாங்குதுன்னு."

திருமூர்த்திக்கு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டாம் என்றிருந்தது. கேட்டார்.

"வால்வ ஏம்மா மூடுனீங்க?"

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன். மொத மூணு சக்கரமும் போர்டுல போட்டிருக்கற மாதிரிதான் ஓட்டுனேன், முழுக்கத் தொறந்து. அடுத்தடுத்துச் செத்துப்போச்சு. நாலாவது போட்டப்ப, சத்தம் வந்ததும் வால்வ ஒரு சுத்து மூடிப் பாத்தேன். சத்தம் கொறைஞ்சுச்சு. மூணு சுத்து மூடுனா அமைதியாயிருது. மெதுவா அனுப்புனா மெதுவாத் தின்னாப் போதும் பாருங்க. தொட்டி நெறையறதுக்கு ரெண்டு மடங்கு நேரமாகும். ஊருல திட்டுவாங்க. திட்டுனாத் திட்டட்டும்னு உக்காந்திருந்தேன்."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"தேர்த் திருவிழா வந்துச்சுங்க. தண்ணி பத்தலைன்னு ஊரே வந்து நின்னுச்சு. நாலு நாளு முழுக்கத் தொறந்து விட்டேன். போயிருச்சு."

நாற்பத்தொரு நாள்.

அந்த நாற்பத்தொரு நாளை அவர் முதலாளியிடம் காட்டியிருந்தார். தன் அறையில் சுவரில் எழுதி வைத்திருந்தார். கோணத்தை மாற்றியதால் கிடைத்த வெற்றி என்று அதற்குக் கீழே கோடு கிழித்திருந்தார்.

கிணற்றுக்குள் ஒரு தவளை குதித்தது.

"ஒரு காயிதம் இருக்குதுங்களாம்மா?" என்றார்.

படியிலேயே உட்கார்ந்து எழுதினார். முந்தின கடிதம் தவறு, ஆப்பரேட்டர் வால்வைப் பாதி மூடி ஓட்டியதால்தான் பம்பு அவ்வளவு நாளாவது தாங்கியது, பிழை டிசைனுடையது என்று எழுதி, 'டிசைனுடையது' என்பதை அடித்துவிட்டு 'என்னுடையது' என்று மாற்றினார்.

மாராத்தாள் வாங்கிப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

"பாதி இல்லீங்க சார். எட்டுச் சுத்துல மூணு சுத்து."

திருமூர்த்தி அதையும் திருத்தினார்.

*

முதலாளி குதித்தார். "பிழை நம்ம மேலதான்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கறயே, உனக்கென்ன கிறுக்கா?" என்றார். திருமூர்த்தி பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பது அவருக்குப் புதுசாக இருந்தது. முதலாளிக்கும் புதுசாகத்தான் இருந்தது. கத்தி ஓய்ந்து, "சரி, இப்ப என்னதான் பண்ணலாங்கற?" என்றார்.

பம்பைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். சுவரில் இரும்புத் தண்டவாளம் பதித்து, அதில் ஏறி இறங்கும் ஒரு தட்டில் பம்பை உட்கார வைத்து, மேலே சங்கிலிக் கப்பி மாட்டினார்கள். தண்ணீர் இறங்கினால் பம்பும் இறங்கும். ஏறினால் ஏறும்.

தண்டவாளம் எத்தனை நீளம் என்று திருமூர்த்தி கணக்குப் போடவில்லை.

"ஐப்பசி மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் ஏறுமுங்கம்மா?"

"நல்லாப் பேஞ்சா அஞ்சாவது படி. ஒரு வருசம் மூணாவது படியத் தொட்டுச்சு."

"அப்ப ரெண்டாவது படி வரைக்கும் போட்டுரலாம்," என்றார் திருமூர்த்தி.

உள்ளே மாட்டியது, முதன்முதலில் அவர் வரைந்த அதே வெண்கல இம்பெல்லர். ஒரு டிகிரிகூட மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாராத்தாள் சுவிட்சைப் போட்டார். வால்வை ஒவ்வொரு சுற்றாகத் திறந்தார். எட்டு சுற்றும் திறந்தார். காதைக் குழாயோடு வைத்துக் கேட்டார்.

"தூங்கற கொழந்தையாட்டம் இருக்குதுங்க சார்," என்றார்.

மேலே தொட்டியடியில் குடத்தோடு நின்றவர்கள் கத்தியது கிணற்றுக்குள் வரை கேட்டது.

*

திங்கட்கிழமை திருமூர்த்தி தகரக் கொட்டகைக்குப் போனார்.

நன்றி சொல்லத்தான் போனார். ஆனால் வழியெல்லாம் நினைக்க நினைக்க வேறொன்று கிளம்பி வந்தது. உள்ளே நுழைந்தபோது நன்றி மறந்துபோய், அது மட்டும்தான் இருந்தது.

ஜெசிந்தா ஏதோ ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"ஓடுதுங்களா சார்?"

"ஓடுது." திருமூர்த்தி உட்காரவில்லை. "பம்பக் கீழ எறக்கோணும், அவ்வளவுதான். ஒரே வரி. அந்த ஒரு வரிய அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க? காயிதத்தத் தலைகீழாத் திருப்பறீங்க. வால்வ மூடச் சொல்றீங்க. தண்ணி சொல்லுச்சாங்கறீங்க. நான் போன் பண்ணுனா கட் பண்றீங்க. என்னய விடுங்க, நான் என்ன வேணா பட்டுக்கறேன். அங்க பொம்பளைங்க ரெண்டு கிலோமீட்டர் கொடந் தூக்குனாங்க. ஒருத்திக்கு வேலையே போகப் பாத்துச்சு. பாடம் நடத்தறதுக்கு இதுதானுங்களா நேரம்? தெரிஞ்சு வெச்சுட்டு ஏங்க சொல்லல?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் குறும்பு இல்லை. குருவின் களையும் இல்லை. கேட்ட கேள்வி புரியாத ஒருவரின் முகம்தான் அது.

"எனக்குத் தெரியாதுங்களே சார்," என்றார். "நான் அந்தக் கெணத்தப் பாத்ததே இல்ல."